படிக்காமல் வந்த ஓகே

அக்கா,

இன்று காலை என் மேசைக்கு ஒரு சாம்பிள் பனியன் வந்தது, 'அப்ரூவ்டு' என்று சீட்டுக் கட்டி. புதுத்துணியின் சாய வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் மேல் கோபம் கோபமாக வந்தது. போய்ச் சேர்ந்தவர் மேல் கோபப்படலாமா என்று கேட்காதீர்கள். வருகிறது, என்ன செய்ய?

மறுபடியும் அந்தக் கதைப் போட்டி மாதம் வந்துவிட்டது. தினம் ஒரு கதை எழுதி வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். ஒரு நாள் தவறினாலும் ஆட்டம் காலி. போன வருடம் இருவரும் சேர்ந்து பெயர் கொடுத்து, சேர்ந்தே முடித்தோம். நம் கம்பெனியில் தைத்த பனியனில் பழுது பார்க்கும் செக்கிங் மேசையிலிருந்து மதியச் சோற்றுக்கு எழுந்து வந்து, ஸ்டிக்கர் தாளின் பின்பக்கம் கதையைக் கிறுக்குவீர்கள். சாயங்காலம் வீட்டில் டைப் செய்து பிழையோடு அப்படியே போட்டுவிடுவீர்கள். வெட்கமே கிடையாது உங்களுக்கு.

எனக்கு அப்படி வராது. மெர்ச்சண்டைசர் வேலை என் புத்தியைக் கெடுத்துவிட்டது. நிறத்துக்கு அப்ரூவல், பட்டனுக்கு அப்ரூவல், பனியனைப் போடுகிற பைக்குக்கூட அப்ரூவல். ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக்காரரிடமிருந்து 'சரி' வராமல் கட்டிங்குக்குத் துணி இறங்காது. கதையையும் அப்படித்தான் நடத்தினேன். காலையில் முதல் பத்தியை உங்களுக்கு அனுப்புவேன். 'ஓகே' வந்தால்தான் அடுத்த வரி. செக்கிங் பக்கம் போனுக்குத் தடை. எனக்காக எங்கோ ஒளிந்து நின்று படிக்கிறீர்கள் என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

இந்த வருடம் ஓகே சொல்ல ஆளில்லை. முதல் பத்தியை எழுதுகிறேன், அழிக்கிறேன், மறுபடி எழுதுகிறேன். இடையில் ஷிப்மெண்ட் என்று மேனேஜர் கத்துகிறார். இதுவரை எப்படியோ ஒப்பேற்றினேன். நேற்று, இரவு எட்டு மணிக்குக் குழு மூட ஐந்து நிமிடம் இருக்கையில், அரைகுறையாக எதையோ போட்டுவிட்டு அழுதேன்.

அழுத முகத்தோடுதான் பெருமாநல்லூரில் இருக்கும் உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்களை மாதிரி என் முதல் பத்தியைப் படிக்க இனி யார் இருக்கிறார்கள் என்று உங்கள் வீட்டுக்காரரிடம் புலம்பினேன். அவர் சங்கடப்பட்டார்.

"அந்த ஓகே எல்லாம் நான் போட்டதுங்க. போனு ஊட்டுலதானுங்க கெடக்கும். 'காத்தால அந்தப் புள்ள ஏதாச்சும் அனுப்பும், ஓகேன்னு போட்டு உடுங்க'ன்னு சொல்லிட்டுப் போவா."

"நீங்களாவது படிச்சீங்களாண்ணா?"

"நான் எங்கீங்க படிச்சேன்! எனக்குக் கதையெல்லாம் ஆகாதுங்க. அவ பொழுதோட வந்து முழுக்கதையும் படிப்பா. 'எழுதி முடிச்சாத்தாங்க படிக்கறதுக்கு ஏதாச்சும் இருக்கும்'னு சொல்லுவா."

என்ன ஏமாற்று வேலை அக்கா இது! வண்டியில் வரும் வழியெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். யாரும் பார்க்காத பத்திக்கா அந்தக் காத்திருப்பு? அந்தக் கதைகளையெல்லாம் யார் அனுமதியும் இல்லாமல் நானேதான் எழுதினேன் என்பதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

கோபம் போகவில்லை. அதையும் வைத்துக்கொண்டுதான் இன்றைக்கு உட்கார்ந்தேன். யாருக்கும் எதுவும் அனுப்பவில்லை.

முதல் பத்தி சுமார்தான், அக்கா. மூன்றாவதில் இருக்கிறேன்.