நாற்பதுக்கு வழி இல்லை என்று சொன்னவனுக்கு

என்னை மாப்ள என்று கூப்பிட்ட ஒரே ஆளுக்கு,

வரிசைப்படுத்திக்கொள்ளாமல் எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். ஆகவே சொல்லப் போவதை முதலில் எழுதிவிடுகிறேன்.

1. தொலைக்காட்சிக்காரர்கள் உன்னிடமிருந்து எதையெல்லாம் வெட்டி எறிந்தார்கள் என்பது.
2. அந்தத் தொகுப்பாளர் அடித்த ஜோக்கும், அதை நம் தெரு பிடித்துக்கொண்டதும்.
3. அந்தக் கணக்குக்கு வழியே கிடையாது என்பது, நிரூபணத்துடன்.
4. நான் எழுதிய கண்டனக் கடிதத்தை நீ அனுப்பவிடாமல் தடுத்தது. இந்த ஒன்றில் மட்டும் குற்றம் உன்னுடையது.

இத்தனை வருடம் கழித்து இப்போது ஏன் என்று கேட்பாய். இன்று மாலை சிம்மக்கல்லில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பழைய சாமான் கடை வாசலில், பலகைக் கதவு வைத்த அந்தக் காலத்து டிவிப் பெட்டி ஒன்று கிடந்தது. பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள் அந்தக் கதவைக் கடகடவென்று ஒதுக்கி, உள்ளே கையை விட்டு ஒரு நார் உருண்டையை எடுத்தார். படக்குழாய் இருந்த இடத்தில் வாழைநார். எனக்கு அந்தக் கடகட சத்தம் போதுமாக இருந்தது. வெல்லமண்டிக்காரர் வீட்டு டிவியைத் திறந்தால் இதே சத்தம்தான் வரும். காது சூடாகிவிட்டது. வந்த பஸ்ஸில் ஏறவில்லை. நடந்தே வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கொடைக்கானல் மலையிலிருந்து மதுரைக்குப் படம் வரத் தொடங்கிய புதிது அது. வாரம் ஒரு நாள் ஒரு போட்டி வரும். எழுத்துப் பலகைகளைக் கலைத்துப் போட்டு நீளமான சொல் கேட்பார்கள். பிறகு எண் அட்டைகளைக் குலுக்கி எடுத்து, அவற்றை வைத்து இன்ன எண்ணைக் கொண்டுவா என்பார்கள். தொகுப்பாளர் சொல்லி முடிப்பதற்குள் மண்டிக்காரர் வீட்டுக் கூடத்தில் நீ விடையைச் சொல்லிவிடுவாய். மண்டிக்கு மேல்மாடியில், வெல்ல வாசனைக்கு நடுவில், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீ கணக்கு டுட்டோரியல் நடத்திக்கொண்டிருந்தாய். நான் கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் எழுத்தர். இருவர் பெயரையும் எழுதிப் போட்டுவிட்டு, அழைப்பு வந்த பிறகுதான் என்னிடம் சொன்னாய்.

"மாப்ள, மெட்ராஸுக்கு வாரியா?"

"எதுக்கு?"

"டிவியில மூஞ்சியக் காட்ட."

"எனக்கு நாக்கு ஒட்டிக்கும்."

"ஒன்னைய யாரு பேசச் சொன்னா? நீ எழுது, நான் பேசுறேன். ஊருல எழுத்தர்னுதான பேரு."

அந்த ஏற்பாட்டை நான் சரியாகச் செய்தேன் என்றே நினைக்கிறேன். விளக்குகளின் வெக்கையில் என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் நீ சொன்ன ஒவ்வொன்றையும் தாளில் எழுதினேன். அதனால்தான் எதை வெட்டினார்கள் என்று என்னால் சொல்ல முடிகிறது.

முதல் சுற்றிலேயே நீ கண்டுபிடித்த சொல் 'எதிர்சேவை'. தொகுப்பாளர் புருவத்தைத் தூக்கினார்.

"அப்படி ஒரு சொல் இருக்கிறதா?"

"என்ன சார் இப்பிடிக் கேட்டுப்புட்டீங்க. அழகர்கோவில்ல இருந்து சாமி எறங்கி வாராருல்ல, நாங்க எதுக்கப் போயி நின்னு கும்புடுவோம். அதுக்குப் பேருதான். நீங்க ஒருவாட்டி வாங்க, அந்தக் கூட்டத்துல நசுங்குனா சொல்லு மறக்காது."

அரங்கமே கைதட்டியது. நடுவராக உட்கார்ந்திருந்த பேராசிரியர்கூடச் சிரித்தார். அது ஒளிபரப்பில் இல்லை. அடுத்த சொல்லும் இல்லை. எண் சுற்றில், மணி அடிப்பதற்கு வெகு முன்னாலேயே நீ முடித்த முதல் கணக்கும் இல்லை. எதிரணியினர் புள்ளியில் கொஞ்சம் முன்னால் இருந்தார்கள், மறைக்கவில்லை. கடைசிக் கணக்கு கிடைத்திருந்தால் நாம் தாண்டியிருப்போம்.

கடைசிக் கணக்கு இது. அட்டைகள் ஒன்று, மூன்று, நான்கு, பத்து. நான்கையும் பயன்படுத்த வேண்டும், ஒவ்வொன்றையும் ஒரு தடவைதான். கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம், வகுக்கலாம். வர வேண்டியது நாற்பது.

பார்த்ததும் இனித்தது. பத்தை நான்கால் பெருக்கினால் நாற்பது. ஆனால் ஒன்றும் மூன்றும் கையில் மிஞ்சும். ஒன்றையும் மூன்றையும் கூட்டிப் பத்தால் பெருக்கினாலும் நாற்பது; இப்போது நான்கு மிஞ்சும். நீ எழுந்து நின்றாய். கடிகார முள் நகர்ந்தது. எதிரணியும் தலையைச் சொறிந்தது. நீ மேலே பார்த்தபடி, வாயை லேசாகத் திறந்தபடி நின்றாய். யோசிக்கும்போது உன் முகம் அப்படித்தான் இருக்கும். உன்னிடம் படித்த பிள்ளைகள் எல்லோருக்கும் அது தெரியும். மணி அடித்தது.

"என்ன சார், மீனாட்சியைக் கூப்பிட்டுப் பார்க்கிறீர்களா? மதுரையிலிருந்து வந்து சேர நேரமாகுமே" என்றார் தொகுப்பாளர். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்து நீ சொன்னாய்: "இதுக்கு வழி கெடையாதுங்க சார். நாப்பது வராது."

பேராசிரியர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். எதிரணிக்கும் விடை வராததால், முன்னால் இருந்த அவர்களுக்கே பரிசு போனது.

சில வாரம் கழித்து ஒளிபரப்பானது. மண்டிக்காரர் வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. நிகழ்ச்சியில் நாம் வந்தது முக்கால்வாசி முடிந்த பிறகு. குனிந்த என் தலை. மேலே பார்த்து வாய் திறந்து நிற்கும் நீ. முகத்துக்கு வெகு அருகில் வைத்து எடுத்திருந்தார்கள். கடிகாரச் சத்தம். மணி. ஜோக். சிரிப்பு. அத்தோடு எதிரணி பரிசு வாங்கப் போய்விட்டது. நீ சொன்ன வாக்கியம் இல்லை. 'எதிர்சேவை' இல்லை. நீ வாய் திறந்து பேசிய ஒரு சொல்கூட அந்த நிகழ்ச்சியில் இல்லை.

அவர்களுக்கும் நேரக் கட்டுப்பாடு இருந்திருக்கும். வேண்டுமென்றே செய்தார்கள் என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை. எப்போதும் இப்படி ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டு அடங்கிப் போகிறவன் நான். இன்று அடங்க மாட்டேன். ஒரு மனிதனிடம் இருந்த நல்லதையெல்லாம் எடுத்துவிட்டு, அவன் தடுமாறிய ஒரு கணத்தை மட்டும் ஊருக்குக் காட்டுவது என்ன நியாயம்? நேரம் போதவில்லை என்றால் அந்த ஜோக்கை வெட்டியிருக்கலாமே. அதற்கு மட்டும் நேரம் இருந்ததா?

முதலில் சிரித்தவர் மண்டிக்காரர். பிறகு கூடமே சிரித்தது. நீயும் சிரித்தாய். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மறுநாள் டீக்கடையிலேயே தொடங்கிவிட்டார்கள்.

"என்ன வாத்தியாரே, மீனாட்சி கெளம்பிட்டாளா?"

"இப்பத்தான் வைகைப் பாலத்தைத் தாண்டிருக்காளாம்ணே."

"மெட்ராஸுக்கு இன்னும் எம்புட்டு நேரமோ. அண்ணனுக்கு இன்னொரு டீயப் போடு."

இதெல்லாம் விளையாட்டு என்றாய். விளையாட்டுத்தான். ஆனால் அந்த வாரக் கடைசியில் அவனியாபுரத்திலிருந்து லேத் பட்டறைக்காரர் மகளோடு மாடியேறி வந்தாரே, அது விளையாட்டா? உன் வகுப்பிலேயே கெட்டிக்காரப் பெண். நான் அப்போது அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டே பேசினார்.

"தப்பா எடுத்துக்கிடாதீங்க சார். பிள்ளைக்குப் பரிச்ச வருது. டிவியில அம்புட்டுப் பேரு முன்னாடி ஒங்களுக்கே வரலைன்னா, நாளைக்கு இது எப்பிடி…"

அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூட்டிட்டுப் போங்கண்ணே" என்றாய். "நல்லாப் படிக்கிற பிள்ளை. எங்க போனாலும் படிச்சுக்கிரும்."

உன் குரலில் ஒரு பிசிறுகூட இல்லை. நான் எழுந்து, "அவர் வழி இல்லை என்று சொன்னார், அதை வெட்டிவிட்டார்கள்" என்று சொல்ல நினைத்தேன். வாக்கியத்தை மனதில் கட்டி முடிப்பதற்குள் அவர்கள் தெருவுக்குப் போய்விட்டார்கள். அதன் பிறகு ஒவ்வொரு பிள்ளையாக நின்றது. அடுத்த பள்ளிக்கூட வருடம் தொடங்கியபோது பெஞ்சுகளை விற்றுவிட்டு நீ கீழே இறங்கி வந்தாய். முதலில் சிரித்த அதே மண்டிக்காரர், "வந்து ஒக்காருங்க வாத்தியாரே, கணக்கெழுத ஆளு வேணும்" என்றார். நல்ல மனிதர்தான். நீ கடைசிவரை அங்கேயே உட்கார்ந்துவிட்டாய். கணக்குச் சொல்லித்தர உன்னைப் போல ஒருவர் இந்த ஊரில் இல்லை என்று நான் இன்றும் சொல்வேன்.

வரிசை கலைந்துவிட்டது. ஒன்றும் இரண்டும் சேர்ந்தே போய்விட்டன. இனி நான்கை முதலில் சொல்கிறேன். மூன்றுக்கு நிரூபணம் எழுத நேரம் பிடிக்கும்.

குழாயில் தண்ணீர் வராததற்குக்கூட மனுக் கொடுக்காத நான், தொலைக்காட்சி நிலையத்துக்கு ஒரு கண்டனக் கடிதம் எழுதினேன். நாற்பதுக்கு வழி இல்லை என்பதைப் படிப்படியாக நிரூபித்து இணைத்தேன். அனுப்புவதற்கு முன் மண்டிக்குக் கொண்டுவந்து உன்னிடம் காட்டினேன். தாள்களை எல்லாம் பொறுமையாகப் படித்தாய்.

"நல்லா இருக்கு மாப்ள. விடு, அனுப்ப வேணாம்."

"ஏன்?"

"எவன் படிக்கப் போறான்?"

"படிக்காட்டாலும் நான் அனுப்புவேன்."

"அனுப்புனீன்னா அத்தோட ஒனக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை இல்ல."

நீ அப்படி என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. நான் பயந்துவிட்டேன். அனுப்பவில்லை. ஆனால் வாயை மூடிக்கொள்ளவும் இல்லை. கேட்டவர்கள் கேட்காதவர்கள் எல்லோரிடமும், அந்தக் கணக்குக்கு வழி கிடையாது, அவர் சொன்னதுதான் சரி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். உன்னைத் தூக்கிய அன்றுகூட உன் மகளிடம் சொன்னேன். "தெரியும் மாமா, நீங்கதான் எப்பவும் சொல்வீங்களே" என்று அழுகைக்கு நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இனி நிரூபணம். பழைய தாள்கள் இல்லை, புதிதாகவே எழுதுகிறேன்.

நான்கு எண்களில் எந்த இரண்டையாவது முதலில் சேர்த்தாக வேண்டும். ஒன்றையும் மூன்றையும் கூட்டினால் நான்கு. கையில் நான்கு, நான்கு, பத்து. நாற்பத்து நான்கு வரும், முப்பத்தாறு வரும், நாற்பது வராது. கழித்தால் இரண்டு; வராது. பெருக்கினால் மூன்று, வராது. அடுத்து மூன்றும் நான்கும். கூட்டினால் ஏழு, வராது. கழித்தால் ஒன்று, வராது. பெருக்கினால் பன்னிரண்டு, வராது. வகுத்தால் முக்கால். முழு எண் அன்று, தள்ளுக.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். சற்று முன் நடந்தது இது.

தள்ளுக என்று யார் சொன்னது? வகுக்கலாம் என்றுதான் தொகுப்பாளர் சொன்னார். மீதி வரக் கூடாது என்று அவரும் சொல்லவில்லை, பேராசிரியரும் சொல்லவில்லை. அது நானாகப் போட்டுக்கொண்ட விதி. அலுவலகத்தில் முழுதாக வராத எதையும் சிவப்பு மையால் சுழித்துப் பழகிய கை. முக்காலைத் தள்ளாமல் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் முக்கால் போனால் கால். கையில் இருப்பது பத்து. பத்துக்குள் எத்தனை கால்? பத்துக் கிலோ வெல்லத்தைக் கால் கிலோவாகக் கட்டினால் நாற்பது பொட்டலம்.

நான்கு எண்ணும் தீர்ந்துவிட்டது. வேறு தாளில் மறுபடி போட்டேன். அதே நாற்பது.

இப்போதுதான் ஒன்று ஞாபகம் வருகிறது. மண்டியில் அந்தத் தாள்களைப் படித்து முடித்ததும், நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்கு முன்னால், என்னிடம் ஒன்று கேட்டாய்.

"மீதி வர்றதையெல்லாம் அடிச்சுட்டியா மாப்ள?"

"ஆமா, முழுசா வரலையே" என்று பெருமையாகச் சொன்னேன். நீ என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு தாள்களை மடித்தாய்.

நீ எப்போது கண்டுபிடித்தாய்? மெட்ராஸிலிருந்து திரும்பிய ரயிலிலா? கூடத்தில் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தபோதே தெரியுமா? உன் பெயரைக் காப்பாற்றத் தடுத்தாயா, என் நிரூபணத்தைக் காப்பாற்றவா? எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் இனி ஆள் இல்லை.

ஆனாலும் என் கோபம் தணியவில்லை. நீ சொன்னது தவறாகவே இருக்கட்டும். தவறாகச் சொன்னவனும் வாய் திறந்து சொன்னவன்தான். உன்னை வாயே திறக்காதவனாக அல்லவா காட்டினார்கள்? ஆகவே ஒன்றாவது நிற்கிறது. அந்த ஜோக் இன்றைக்கும் அசிங்கமாகத்தான் இருக்கிறது, இரண்டாவதும் நிற்கிறது. நான்காவதை அடிக்க மாட்டேன். கடிதத்தை அனுப்பவிடாதது சரிதான் என்று இப்போது தெரிகிறது. எனக்குச் சொல்லாமல் போனது சரியில்லை. இத்தனை வருடமும் நான் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாயே. ஒரு நாள் டீ குடிக்கும்போது "மாப்ள, முக்கால்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். முதலில் வெட்கப்பட்டிருப்பேன். பிறகு நாம் இருவரும் சிரித்திருப்போம்.

இந்தக் கோபம் என்னோடுதான் வரும். நாளைக் காலை உன் மகள் வீட்டுக்குப் போக வேண்டும். அவளிடம் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. மூன்றாவது தவறு என்றுதான் தொடங்க வேண்டியிருக்கும்.