நூல் கட்டிய இடத்துக்குக் கீழே

பேரனுக்குப் பல்வலி. மருமகள் பஞ்சில் கிராம்புத் தைலம் நனைத்து எடுத்துக்கொண்டு என் நாற்காலியைக் கடந்து போனாள். அந்த வாசனை வந்ததும் நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். வயசுக் கோளாறு என்று அவள் நினைத்துக்கொண்டாள். காரணத்தை உன்னிடம்தான் சொல்ல முடியும், அதனால் உனக்கு எழுதுகிறேன்.

பிரெஞ்சுக்காரர்கள் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. மருத்துவப் பள்ளியின் உடற்கூறு அறையில் நீ உறுப்புகளைப் பதப்படுத்தி ஜாடியில் வைப்பவன். நான் சுவரில் மாட்டும் படங்களை எழுதுபவன். பிரெஞ்சுப் பெயர்களைச் சுரண்டிவிட்டு எல்லாவற்றிலும் இங்கிலீஷில் எழுதச் சொல்லிவிட்டார்கள். இதயப் படம் சுரண்டத் தாங்காமல் கிழிந்தது. புதிதாக எழுத வேண்டும். நான் பார்த்து எழுதுவதற்காக நீ கசாப்புக் கடையிலிருந்து ஒரு மாட்டு இதயம் வாங்கி வந்தாய்.

மகாதமனி என்ற பெரிய ரத்தக்குழாயின் அடியிலிருந்து இரண்டு குழாய்கள் பிரிந்து இதயத்தின் மேல் படர்வதைக் காட்டினாய். செந்தூரமும் ஜெலட்டினும் கரைத்து, பெரிய பித்தளை ஊசியால் உள்ளே செலுத்தினாய். மங்கிக் கிடந்த சதையில் சிவப்பு கிளைகிளையாய் ஓடியது.

"உள்ள இவ்ளோ ரத்தம் ரொம்பி நிக்குது. அதுலேர்ந்து தனக்குன்னு எடுத்துக்காதுடா. இந்த ரெண்டு கொழா குடுத்தாதான் அதுக்குச் சோறு. அதுவும் ரெண்டு துடிப்புக்கு நடுவுல ஓயற நேரத்துலதான் சாப்பிடும். ஓட ஓட ஓயற நேரம் கொறையும், பசி ஏறும்" என்றாய்.

முன்பக்கக் கிளை ஒன்றை முன்னாலேயே நூலால் கட்டி வைத்திருந்தாய். அதற்குக் கீழே சதை வெளுப்பாகவே நின்றது. "பக்கத்துலேர்ந்து வராதா?" என்று கேட்டேன். "திடீர்னு அடைச்சா வராது" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாய். அந்த வெளுப்பையும் நான் படத்தில் எழுதினேன்.

அந்த மாதம்தான் உனக்குத் தாடை வலி ஆரம்பித்தது. சாரம் கிராமத்திலிருந்து இருவரும் சைக்கிளில் வருவோம். எதிர்காற்றில் மிதிக்கும்போது இறங்கி நின்று இடது தாடையைப் பிடித்துக்கொள்வாய். "பல்லுடா" என்பாய். ஐந்து நிமிஷத்தில் சரியாகிவிடும்.

"இன்னாடா, லேட்டா போறதுக்குன்னே ஒரு பல்லு வச்சிருக்கியா?" என்று கிண்டல் செய்தேன். கடைசியில் நானே உன்னைப் பல் பிடுங்குகிறவரிடம் இழுத்துப் போனேன். அவர் பிடுங்கிய பல்லை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "சொத்தையே இல்லியே" என்றார். ஆனாலும், "அப்ப பக்கத்துப் பல்லா இருக்கும்" என்று சொன்னவன் நான்தான். ரத்தப் பஞ்சைக் கடித்துக்கொண்டு நீயும் தலையாட்டினாய்.

பிறகு வலி வருவதற்குச் சைக்கிள் தேவைப்படவில்லை, மாடிப்படியே போதும் என்றாயிற்று. ஒருநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு, ஜாடிப் பெட்டியோடு ஏறி வந்தவன் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாய். வேர்த்துக் கொட்டியது. தாடையில் கை. அடுத்த கட்டடத்தில் ஏழெட்டு டாக்டர்கள் இருந்தார்கள். நானோ கடைத்தெருவுக்கு ஓடிப்போய்க் கிராம்புத் தைலம் வாங்கி வந்தேன். நான் எழுதிய இதயத்துக்கு மேலே தாடை கிடையாது. படம் மகாதமனியோடு முடிந்துவிடும்.

திரும்பி வந்தபோது உன்னைச் சுற்றிக் கூட்டம். உன் பக்கத்திலிருந்து எழுந்த டாக்டர் என்னிடம் கேட்டார்: "நடந்தா வலிச்சு, உக்காந்தா நின்னுடுமா?" ஆமாம் என்றேன். "பல்லு இல்லப்பா, இதயம்" என்று சொல்லிவிட்டு உன் முகத்தைத் துணியால் மூடினார்.

அந்தக் கேள்வியை இத்தனை வருஷமாக எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தாடையிலோ தோளிலோ யார் கை வைத்தாலும் விடுவதில்லை. மூலக்குளத்துச் சம்பந்தியை அப்படித்தான் சண்டை போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இன்னும் இருக்கிறார், என்னைத் திட்டிக்கொண்டு.

உன்னிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "ஆமாண்டா" என்றிருப்பாய். சொன்ன மறுநிமிஷம் உனக்கே புரிந்திருக்கும். மீதியை எனக்கு நீதான் விளக்கியிருப்பாய்.