கார் காணாமல் போகவில்லை

நன்னிலம்
ஐப்பசி 6

அன்புள்ள அரசு,

இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், சிங்கப்பூர்ல நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியா இருக்கேன்னு நம்புறேன். உன் போன்ல இருக்குற கார் ஆப்ல நம்ம காரையே காணோமேன்னு நேத்து அப்பாகிட்ட மூணு தடவை கேட்டியாம். கார் எங்கேயும் போகலை, வாசல்லதான் நிக்குது. உன் போன்லேருந்து அதை எடுத்துவிட்டது நான்தான். போன்ல பேசினா பாதியிலேயே சரிம்மா சரிம்மான்னு வச்சிடுவே, அதனாலதான் எழுதுறேன்.

போன புதன்கிழமை எதிர்வீட்டு ராஜாத்திக்கு நாகப்பட்டினத்துல பத்து மணிக்கு அங்கன்வாடி வேலைக்கு இண்டர்வியூ. ஆறு வருஷமா எழுதிப்போட்டு இப்பத்தான் கூப்பிட்டிருக்காங்க. பஸ் வரலைன்னு அழுதுட்டு வந்து நின்னா, ஏறுடின்னு கூட்டிட்டுக் கிளம்பிட்டேன். திருமருகல் தாண்டினதும் அவளுக்குக் குமட்டிக்கிட்டு வந்துச்சு, வாய்க்கால் ஓரமா நிறுத்தினேன். அவ வாய் கொப்புளிச்சுட்டு வந்து ஏறினா, வண்டி ஸ்டார்ட் ஆகலை. சாவியை எத்தனை தடவை திருப்பினாலும் செத்த மாதிரி கிடக்கு. உனக்குப் போன் போட்டா, நான்தாம்மா இங்கேருந்தே ஆப்ல லாக் பண்ணேன், வண்டி ஊரைத் தாண்டிடுச்சுன்னு மெசேஜ் வந்துச்சு, யாரோ திருடிட்டாங்கன்னு நினைச்சேன்னே. சரி எடுத்து விடுடான்னா, எடுக்குறேம்மா, வண்டிக்குக் கனெக்‌ஷன் கிடைக்கலை, சுத்திக்கிட்டே இருக்குன்னே. பூட்டுறதுக்குக் கிடைச்ச சிக்னல் திறக்குறதுக்குக் கிடைக்கலை. அப்பத்தான் சொன்னே, நீங்க அவ்வளவு தூரம் ஓட்டுவீங்கன்னு நான் நினைக்கவே இல்லைம்மான்னு. திருடன் கதையெல்லாம் விடு அரசு, அதுதான் உன் மனசுல இருந்தது.

மணி ஒன்பதே முக்கால். முன்னாடி இருக்குற பாலத்து மேட்டுக்குப் போனா நல்லா சிக்னல் கிடைக்கும்னு வயல்ல நடவு நட்டுக்கிட்டு இருந்த பொம்பளைங்க சொன்னாங்க. சொன்னதோட நிக்கலை, எட்டுப் பேரும் சேத்துக் கையோட கரையேறி வந்து தள்ளினாங்க. ராஜாத்தி பட்டுப்புடவையைத் தூக்கிச் சொருகிக்கிட்டுக் கூடத் தள்ளினா, நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சேன். மேட்டுக்கு ஏறினப்புறம்தான் உன் பூட்டு கழண்டுச்சு. நாங்க போய்ச் சேர்ந்தப்ப மணி பத்தரை. நேரம் முடிஞ்சுபோச்சுன்னு வாசல்லயே மறிச்சாங்க. வெளியே வந்து அந்தக் காரைப் பாருங்க சார், அது மேல இருக்குற சேறு பொய் சொல்லாதுன்னு ராஜாத்தி சத்தம் போட்டா. உள்ளே விட்டாங்க. வேலை கிடைக்குமான்னு இன்னும் தெரியாது, ஆனா எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாளாம்.

மறுநாளே தஞ்சாவூர் ஷோரூமுக்கு நானே ஓட்டிட்டுப் போய், அந்த ஆப்பை என் போனுக்கு மாத்தச் சொன்னேன். மகன் பேசினாத்தான் மாத்துவோம்னாங்க. ஆர்சி புக்கை மேசையில வச்சு, இதுல யார் பேர் இருக்குன்னு படிங்கன்னேன். அம்சம்னு படிச்சுட்டு மாத்திக் கொடுத்துட்டாங்க. நீ ஆசையா வாங்கிக் கொடுத்தது எனக்கு மறக்கலை, வாங்கிக் கொடுத்தவன் கையில கடிவாளம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அப்பாவுக்குக்கூட முதல்ல வருத்தம், பையன் மனசு நோகுமேன்னார். நோகட்டும், ரெண்டு நாள்ல சரியாயிடும்னேன்.

உடம்பைப் பார்த்துக்கோ, ஷிப்ட் முடிஞ்சு வந்து சாப்பிடாம படுக்காதே. எந்தக் குறையும் இல்லாம நீ நூறு வயசு நல்லா இருக்கணும். பொங்கலுக்கு வர்றப்ப திருச்சி ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி சொல்லிடாதே, ஞாபகம் வச்சுக்கோ. நான் வர்றேன். பக்கத்து சீட்ல உக்காந்து பேசாம வா.

உன் அம்மா,
இரா. அம்சம்