நீ தேறிவிடக் கூடாது

நேற்று மாலை டீ குடிக்கும்போது, எதிர்வீட்டு விசேஷத்தில் கொடுத்தனுப்பிய தட்டிலிருந்து ஒரு கல்கண்டு கையில் அகப்பட்டது. என்ன தோன்றியதோ, அதை முன்பற்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு, பால் விடாத டீயை அதன் வழியாக உறிஞ்சினேன். "இதென்ன புதுப் பழக்கம்? இருக்கறதே நாலு பல்லு" என்றாள் என் மனைவி. என் பழக்கம் இல்லை, நண்பா, உன்னுடையது. உங்கள் ஊரில் சர்க்கரைக் கட்டியைக் கடித்தபடிதான் டீ குடிப்பார்கள் என்று சொல்லி, மதுரையில் அந்தக் கட்டி அகப்படாமல் கல்கண்டுக்கு மாறியவன் நீ. நீ மறைந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நம் நட்பை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பயம்தான். மற்ற நல்ல விஷயங்கள் எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நின்று வரும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. திருமங்கலத்துப் பக்கம் ஒரு பருத்திக்காட்டு வீட்டிலிருந்து வந்து, ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்து, மதுரைக்கு வெளியே இருந்த அந்த ஓவியக் கல்லூரியில் தற்காலிக வாத்தியாராகச் சேர்ந்திருந்தேன். வெளிநாட்டு மாணவர்களுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பது வேலை. மலேசியாவிலிருந்து இருவர், மொரீஷியஸ்காரன் ஒருவன், தாய்லாந்துக்காரி ஒருத்தி, ஈரானிலிருந்து நீ. அதற்கு முன் நான் ஒரு வெளிநாட்டாரோடு ஒரு வாக்கியம் பேசியது கிடையாது. எனக்கு இருந்த ஆங்கிலம் முழுக்கப் புத்தகத்தில் இருந்தது. வாயில் எடுத்தால் நடுங்கும். வகுப்பறை இல்லாததால் களிமண் சிலைக்கூடத்தில் நமக்கு இடம் ஒதுக்கினார்கள். காயாமல் இருக்க ஈரச்சாக்கு சுற்றிய தலைகள் சுற்றிலும் நிற்க, நடுவில் நம் பாடம் நடக்கும். முதல் வாரம் உங்களைப் பார்க்கப் பயந்துகொண்டு அந்தச் சாக்குத் தலைகளைப் பார்த்தே பாடம் நடத்தினேன்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் ஆங்கிலத் தேர்வில் தேறினால்தான் டிப்ளமோ என்பது கல்லூரியின் விதி. மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தேறினார்கள். நீ மட்டும் நின்றுவிட்டாய். ஓவியப் பாடம் அத்தனையும் முதல் வகுப்பில் முடித்தவன், ஆங்கிலத்தில் மட்டும் இரண்டு முறை விழுந்தாய். எனக்கு அவமானமாக இருந்தது. ஏனென்றால் மதுரைத் தமிழ் உன் வாயில் தண்ணீர் பட்ட பாடாக இருந்தது. "என்னண்ணே, இம்புட்டுத்தானா சட்னி?" என்று விடுதியில் நீ சண்டை போடுவதைக் கேட்டால் யாரும் உன்னை அயலான் என்று சொல்ல மாட்டார்கள். பஜார், தயார், கம்மி என்று எங்கள் பேச்சில் உங்கள் சொற்களையே கண்டுபிடித்து, திருட்டுப் பொருளைப் பிடித்த போலீஸ்காரன்போல் என்னைப் பார்ப்பாய். இவ்வளவு கெட்டிக்காரனுக்கு ஆங்கிலம் ஏறவில்லை என்றால் வாத்தியார் சரியில்லை என்றுதானே அர்த்தம்? முதல்வரும் அதைத்தான் கேட்டார். "என்னய்யா சொல்லிக் குடுக்குறீங்க? அந்த ஈரான் பையன் ரெண்டு வருசமா ஒரே எடத்துல நிக்கிறான்."

ஒரு மத்தியானம் ஊருக்கு மணியார்டர் அனுப்பத் தபால் தந்தி ஆபீசுக்குப் போயிருந்தேன். டிரங்க் கால் கூண்டுக்குள்ளிருந்து யாரோ ஆங்கிலத்தில் பேசுகிற சத்தம். லைன் அறுந்துபோனதற்காக ஆபரேட்டரிடம் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு சரளமான, அழகான ஆங்கிலத்தை நான் நேரில் கேட்டதே இல்லை. யாரடா இந்த மகராசன் என்று எட்டிப் பார்த்தேன். நீ!

கூண்டைவிட்டு வெளியே வந்து என்னைப் பார்த்ததும் உன் முகம் வெளுத்ததே, அதை நான் மறக்கவில்லை. எனக்குத் தாங்க முடியாத கோபம். என் வேலையோடு விளையாடுகிறாயா என்று கத்தப் போனேன். நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் நிறுத்தினாய்.

"அண்ணே, நான் தேறுனா செத்துருவேண்ணே."

அப்பா எண்ணெய்க் கம்பெனியில் குமாஸ்தா என்றும், சின்ன வயதிலிருந்தே உனக்கு ஆங்கிலம் தெரியும் என்றும் சொன்னாய். ஈராக்கோடு சண்டை நடந்துகொண்டிருந்த காலம். உன் அண்ணனை எல்லைக்கு அனுப்பி, ஆறே வாரத்தில் பெட்டியில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். டிப்ளமோ கைக்கு வந்தால் நீ மாணவன் இல்லை. மாணவன் இல்லையென்றால் இந்தியாவில் தங்கும் அனுமதியைப் போலீஸ் ஆபீசில் நீட்டிக்க மாட்டார்கள். ஊர் போய் இறங்கிய மறு வாரம் உன்னையும் பட்டாளத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டு போய்விடுவார்கள். சுவீடனில் இருந்த உன் மாமா உன்னை அங்கே வரவழைக்க முயன்றுகொண்டிருந்தார். அதுவரை ஏதாவது ஒரு பாடம் உனக்குப் பாக்கி இருந்தாக வேண்டும். "எங்கம்மா இப்பத்தாண்ணே போன்ல அழுதாங்க. வராத, வராதன்னு மட்டும்தான் சொன்னாங்க. அதுக்குள்ள லைன் அறுந்துருச்சு."

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அன்றைக்கு எனக்குள் புகுந்த பயம்தான், பிறகு இறங்கவே இல்லை.

அந்த வருஷத் தேர்வுக்கு முதல்வர் ஒரு முடிவெடுத்தார். வெளியிலிருந்து ஒரு பேராசிரியரை வரவழைப்பது; அவர் முன்னால் நீ பேசிக்காட்டுவது. தேறினால் டிப்ளமோ. இவன் தேறவே மாட்டான் என்று அவர் சொல்லிவிட்டால், பேரை அடித்து ஊருக்கு அனுப்பிவிடுவது. இரண்டு பக்கமும் கிணறு, நடுவில் ஒற்றை வரப்பு. நீ விழவும் வேண்டும், இவன் கொஞ்சம் தேறி வருகிறான் என்று அவருக்குத் தோன்றவும் வேண்டும்.

உலகத்திலேயே எந்த வாத்தியாரும் நடத்தாத பாடத்தை நான் அப்போதுதான் நடத்தினேன். நன்றாகப் பேசுகிறவனுக்கு, அளவாகத் திணறச் சொல்லிக் கொடுத்தேன். நீ நடிக்கப் போனால் ஒன்று மிகையாகிவிடும், அல்லது மறந்துபோய் நாலு வார்த்தை நன்றாக வந்துவிடும். கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வழியைப் பிடித்தேன். பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் நான் எப்படி ஆங்கிலம் பேசினேனோ அப்படியே உன்னைப் பேச வைத்தேன். கையைக் கட்டிக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி, தபால்காரர் பற்றிய கட்டுரையை மூச்சு விடாமல் ஒப்பிக்க வேண்டும். நடுவில் யாராவது கேள்வி கேட்டால் ஒரு நிமிஷம் முழித்துவிட்டு, முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். "இது என்னண்ணே, நிறுத்துன எடத்துலருந்து சொல்லக் கூடாதா?" என்று கேட்டாய். "எங்களுக்கு வராதுடா. வந்திருந்தா நாங்கல்லாம் எங்கயோ போயிருப்போம்" என்றேன். நீ சிரித்த சிரிப்பில் மேசையே ஆடியது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. சோறு இறங்காமல் அந்த மாதம் பெல்ட்டில் புது ஓட்டை போட்டேன்.

தேர்வு நாளன்று சிலைக்கூடத்திலேயே மேசை போட்டிருந்தார்கள். முதல்வர் ஒரு பக்கம், வந்திருந்த பேராசிரியர் ஒரு பக்கம். வயதானவர், ஒடிசலான ஆள். மேசைமேல் குடையைக் குறுக்கே வைத்திருந்தார். நான் ஓரமாக நின்றேன்.

"தி போஸ்ட்மேன் இஸ் எ பப்ளிக் சர்வென்ட்" என்று ஆரம்பித்தாய். கை கட்டு சரி, பார்வை சரி, வேகமும் சரி. நாலாவது வரியில் அவர் நிறுத்தி, உங்கள் ஊரில் தபால்காரர் சைக்கிளில் வருவாரா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நீ முழித்தாய். பிறகு முதல் வரிக்குப் போனாய். மறுபடி நிறுத்தினார். மறுபடி முதல் வரி. மூன்றாவது முறை அவர் நிறுத்தியபோது, ஒரு விரல் அளவு தூரம் கூடுதலாகப் போய் ஒரு சின்னப் பதிலைத் தப்பும் தவறுமாகச் சொல்லிவிட்டு, மறுபடி முதல் வரிக்கு வந்தாய். அது நான் சொல்லிக் கொடுக்காதது. அசந்துபோனேன்.

பேராசிரியர் உன்னை வெளியே போகச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைப் பார்த்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"திருமங்கலம் பக்கம் சார்."

"படிச்சது பஞ்சாயத்து ஸ்கூலா?"

"ஆமா சார்."

"நானும்தான். நடுவுல நிப்பாட்டுனா மொதல்லருந்துதான் வரும், இல்ல?" கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஈரான்லயும் இப்பிடித்தான் சொல்லிக் குடுப்பாகளோ?"

முதல்வர் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார். மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்துவிட்டது. என் வேலை போவது அப்போது நினைவிலேயே இல்லை. வெளியே படியில் உட்கார்ந்திருக்கிற உன்னிடம் போய் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தேன். அவர் விரலால் குடைக் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

பிறகு முதல்வரிடம் சாதாரணமாகக் கேட்டார். "அந்தப் பையன் ஊர்ல சண்டை ஓஞ்சிருச்சா?"

"எங்க சார்? தெனம் பேப்பர்ல போடுறான். நூறு செத்தான், எரநூறு செத்தான்னு."

பேராசிரியர் பேனாவை எடுத்தார். எழுதியதைச் சத்தமாகவே படித்தார். முன்னேற்றம் தெரிகிறது, தேர்ச்சிக்குப் போதாது, இன்னும் ஒரு வருஷம் பயிற்சி கொடுத்தால் தேறுவான். எழுந்து குடையை எடுத்துக்கொண்டு, என்னைக் கடக்கும்போது தோளருகே குனிந்து சொன்னார். "நல்லா சொல்லிக் குடுத்திருக்கீக. அடுத்த தடவை இம்புட்டு நல்லா வேணாம்."

வெளியே வந்தேன். நீ நிமிர்ந்து பார்த்தாய். "ஃபெயிலு" என்று ஒருவழியாகச் சொன்னேன். நீ என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல் விம்மி அழுதாய். ஓவியப் பாடம் இன்னும் முடிக்காமல் அங்கேயே இருந்த மொரீஷியஸ்காரன் பாவம், உன் முதுகைத் தடவி, போனால் போகிறது, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொன்னான். அவனுக்கு எதையும் விளக்க நம்மிடம் தெம்பு இல்லை.

அந்த ஒரு வருஷம் முடிவதற்குள் சுவீடனிலிருந்து உனக்கு அனுமதிக் காகிதம் வந்தது. நீ ரயில் ஏறும்போதுகூட நான் பிளாட்பாரத்தில் போலீஸ் தொப்பி தெரிகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சொன்னது எதுவும் காதில் விழவில்லை. எதையோ சொல்லிச் சிரித்தாய், நானும் சிரித்தேன். அது என்ன என்று பிறகு கடிதத்தில் கேட்க வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ பிள்ளைகளைத் தேற வைத்தேன். யார் பேரும் இப்போது நினைவில்லை. நீ அங்கே படம் வரைந்தாய், கல்யாணம் செய்துகொண்டாய், குண்டாகிவிட்ட போட்டோ அனுப்பினாய். அத்தனையும் தெரிந்தும் என் பயம் மட்டும் கேட்கவில்லை. உலகத்தில் எங்கே சண்டை என்று செய்தி வந்தாலும், இப்போது உனக்கு என்ன வயது, இந்த வயதில் கூப்பிடுவார்களா என்று மனசு கணக்குப் போடும். உனக்கு நாற்பது ஆனபோதும் போட்டேன், ஐம்பது ஆனபோதும் போட்டேன். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

போன மாதம் உன் மகள் போன் செய்தாள். அப்பா போய்விட்டார் என்று அவள் சொன்னதும், எப்படி என்று கேட்டேன். கேட்கும்போது எனக்கு மறுபடி இருபத்தைந்து வயது. தூக்கத்திலேயே, என்றாள். ராத்திரி நன்றாகச் சாப்பிட்டு, பேரனுக்குக் கதை சொல்லிவிட்டுப் படுத்தவர், காலையில் எழுந்திருக்கவில்லை. அழுகையோடு அழுகையாக, அப்பாடா என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

இன்று காலை டீவியில் எங்கேயோ குண்டு போட்டதைக் காட்டினார்கள். பழக்கதோஷம், உன் வயதைக் கணக்குப் போட்டேன். அறுபத்து நாலு. இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தேன். அப்புறம்தான் நீ இல்லை என்பது நினைவுக்கு வந்தது.