காக்காவின் கைப்பக்குவம்

தம்மாம்
02.03.1996

அன்புள்ள சுபைறாவுக்கு,

உன் மீதும் மாமி மீதும் அல்லாஹ்வின் சாந்தி இறங்கட்டும்.

பெருநாள் இங்கே அடுப்படியிலேயே கழிந்தது. முழு ஆடுகளைச் சோற்றின் மேல் படுக்க வைத்து அனுப்பினோம். நான் மூலையில் நின்று குப்பூஸ் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டேன். மற்றவர்களின் பெருநாளுக்கு ஆக்கிப் போட்டே ஐந்து வருடம் போய்விட்டது.

அடுத்த வருடம் ஒப்பந்தம் முடிகிறது. இனிப் புதுப்பிக்க மாட்டேன். கல்முனையில் ஒரு சாப்பாட்டுக் கடை போடத்தான் யோசனை. அதற்கு முன் நமது ஊர்க் கடைகளில் என்ன கொடுக்கிறார்கள், எது நன்றாக இருக்கிறது, எது இல்லை என்று எனக்குத் தெரிய வேண்டும். ஆண்களைக் கேட்டுப் பயனில்லை. வயிறு நிறைந்தால் அவர்களுக்கு எல்லாமே நல்ல சாப்பாடுதான். உன் நாக்கு அப்படியல்ல. கலியாணம் முடித்த புதிதில் நான் ஆக்கிய இறைச்சியை ஒரு வாய் வைத்துவிட்டு, "மச்சான், கறுவாப்பட்டை பழசு" என்றாயே! தொழில் படித்த எனக்கு அது தெரியவில்லை. என் கூடப்பிறந்த றாத்தா, உன் மச்சி றுகையாவைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு கடையாகப் போய் வந்து எனக்கு எழுது. பொய் எழுதாதே.

உன் கணவன்,
அச்சிமுகம்மது


சாய்ந்தமருது
27.03.1996

அல்லாஹ்வின் காவலில் இருக்கும் என் மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்களுக்குத்தான் உடம்பைப் பார்க்கத் தெரியாது. ரொட்டியை நின்றுகொண்டு தின்றால் ஒட்டுமா?

நீங்கள் கொடுத்த உத்தியோகத்தைத் தொடங்கிவிட்டேன். சந்தைப் பக்கத்துக் கடையில் பெண்களுக்கென்று சீலை மறைத்த ஓர் அறை இருக்கிறது. அதற்குள் நானும் றுகையா மச்சியும் களவெடுக்க வந்தவர்கள் போல உட்கார்ந்திருந்தோம். புரியாணி வந்தது. சோறு உதிரி உதிரியாக நல்ல பதம். ஆனால் இறைச்சியைத் தனியாக அவித்து வைத்துச் சோற்றுக்குள் புதைத்திருக்கிறார்கள். சோற்றுக்கும் இறைச்சிக்கும் உறவே இல்லை. மச்சியோ, "ஒனக்கென்ன புள்ள, எனக்கு ருசியாத்தான் இரிக்கி" என்று என்னுடையதையும் சேர்த்துச் சாப்பிட்டார். பஸ் நிலையத்துக்கு அருகில் உள்ள கடையில் பறோட்டா செருப்புத் தோல். தொட்டுக்கொள்ளத் தந்த தேங்காய்ச் சம்பல் மட்டும் அருமை. யாரோ ஒரு பெண்தான் அதை வீட்டில் அரைத்துக் கொடுக்கிறார் என்று நினைக்கிறேன்.

உம்மா அப்படியேதான் இருக்கிறார். மாலையில் மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் வாசல் கேற்றடியில் போய் நிற்கிறார். தன் மூத்த மகன், என் காக்கா, மட்டக்களப்புச் சாப்பாட்டுக் கடையிலிருந்து வேலை முடித்து வரப்போகிறார் என்று. தொண்ணூறாம் ஆண்டுத் தமிழ்-முஸ்லிம் குழப்பத்தில் காணாமல் போன மனிதர், இன்றைக்கு பஸ்ஸில் வந்து இறங்குவாரா? இரவுச் சோற்றில் அவருக்கு ஒரு பங்கு மூடி வைக்கிறார். காலையில் அதைப் பழஞ்சோறாக நான்தான் சாப்பிடுகிறேன்.

உங்கள் சுபைறா


தம்மாம்
20.04.1996

அன்புள்ள சுபைறாவுக்கு,

உன் கடிதத்தை இங்குள்ள ஊர்ப் பையன்களுக்கு வாசித்துக் காட்டினேன். "சோற்றுக்கும் இறைச்சிக்கும் உறவே இல்லை" என்ற இடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். நமது கடையில் இறைச்சியைச் சோற்றோடுதான் வேகவைப்போம்.

இனி மீன் பக்கம் போ. பாண்டிருப்பில் தமிழாக்கள் நடத்தும் ஒரு கடையில் பாரை மீன் கறி விசேஷம் என்று இங்கே ஒருவன் சொல்கிறான். விடுமுறையில் ஊருக்குப் போனபோது தின்றானாம். மீன்தானே, ஹலால் பார்க்க என்ன இருக்கிறது? உள்ளே போய் உட்கார வேண்டாம். யாரிடமாவது சொல்லிப் பார்சல் எடுத்துச் சாப்பிட்டுப் பார்.

மாமிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் அனுப்பியிருக்கிறேன்.

உன் கணவன்,
அச்சிமுகம்மது


சாய்ந்தமருது
19.05.1996

என் மச்சானுக்கு,

எப்போதும் போல நலம் விசாரித்துத் தொடங்க இன்றைக்கு மனம் வரவில்லை. மன்னியுங்கள்.

நீங்கள் சொன்ன கடையிலிருந்து பார்சல் எடுத்தோம். றுகையா மச்சிதான் போய் வாங்கி வந்தார். பொதியை அவிழ்த்து ஒரு பிடி வாயில் வைத்தேன்.

மச்சான், அது காக்காவின் ஆணம், அவர் வைக்கிற அதே குழம்பு. பலாக்கொட்டையைத் தணலில் கருகச் சுட்டு, தோலை உரித்து, அரைத்துக் கலந்திருக்கிறது. குழம்பு தடித்து, புகை வாசத்தோடு, அடிநாக்கில் ஒரு சின்னக் கசப்பு. நமது ஊரில் வேறு யார் மீன் ஆணத்துக்கு அப்படிச் செய்கிறார்கள்? "பலாக்கொட்டைய ஆணத்துக்குள்ள போட்டு மீன நாசமாக்காத" என்று உம்மா அவரை ஏசாத நாள் உண்டா? நீங்களும் அவரும் ஒரே அடுப்பில் தொழில் பழகினவர்கள். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பொதியைத் திரும்ப மடித்தேன், உம்மா பார்க்காமல் ஒளித்து வைக்கலாம் என்று. அதற்குள் வாசம் உம்மாவிடம் போய்விட்டது. எழும்பி வந்து, நின்றபடியே ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். அழவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார். "எப்ப வந்தவன்?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் இருக்க எனக்குப் பயமாக இருக்கிறது. முன்கதவைச் சாத்த உம்மா விடுவதில்லை. "செருப்புச் சத்தம் கேக்குது புள்ள, போய்ப் பாரு" என்கிறார். நான் போய்ப் பார்க்கிறேன். ஒருவருமில்லை. பட்டப்பகலில் குசினிக்குள் தனியாக நிற்கும்போது எனக்கும் கேட்கிறது. மிளகாய்ப் புகை ஏறினால் காக்கா இருமுகிற அந்த இருமல்.

அவர் உயிரோடு அங்கே இருக்கிறாரோ? இருந்தால் ஏன் வீட்டுக்கு வரவில்லை? எனக்கு என்ன செய்வதென்று எழுதுங்கள்.

சுபைறா


தம்மாம்
12.06.1996

சுபைறாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வாசித்தேன்.

பலாக்கொட்டை யாரும் போடலாம். கைப்பக்குவம் ஒன்றுபோல வருவது உலகத்தில் நடக்காததல்ல. இங்கே ஒரு யெமன்காரன் வைக்கும் பருப்பு என் உம்மா வைத்தது போலவே இருக்கும். அதற்காக அவன் என் உம்மா ஆகிவிடுவானா?

அந்தக் கடைக்கு நீ போகக் கூடாது. றாத்தாவையும் அனுப்பாதே. அது நமது பகுதியல்ல. யார் எப்படிப்பட்டவர்கள் என்று தெரியாது. வெளிநாட்டில் புருஷன் இருக்க, தமிழ்க் கடையில் நின்று ஆண்களிடம் கதை கேட்கிறாள் என்று ஊர் கதைக்கும். அதையும் யோசி. மாமியிடம் அது உன் சமையல் என்று சொல்லிவிடு. சாப்பாட்டுக் கடை பார்க்கும் வேலையும் இத்தோடு போதும்.

இதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

அச்சிமுகம்மது


சாய்ந்தமருது
08.07.1996

என் மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். அதில் காக்காவின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. இந்த ஐந்து வருடத்தில் எழுதிய எந்தக் கடிதத்திலும் இல்லை. மடித்து அலுமாரியில் வைத்துவிட்டு, அந்தக் கடைக்குப் போனேன். நீங்கள் வேண்டாம் என்ற பிறகுதான் போனேன். அதை மறைக்க மாட்டேன்.

தனியாகப் போகத்தான் நினைத்தேன். உம்மா பெருநாள் சீலையை உடுத்து, அத்தர் பூசி, வாசலில் நின்றார். "என்ட மகனப் பாக்க நீ மட்டும் போறியா?" என்றார். றுகையா மச்சியும் வந்தார். மூன்று பேருமாக அந்தக் கடையின் வாங்கில் உட்கார்ந்தோம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

சோறும் மீனும் வந்தன. உம்மா அதைத் தொடவில்லை. குசினி வாசலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "உள்ளுக்க நிண்டு ஆக்கிற கோக்கியக் கூப்பிடுங்க. உம்மா வந்திரிக்கன் எண்டு சொல்லுங்க."

ஒரு நிமிடம் நானும் அந்த வாசலையே பார்த்தேன், மச்சான். காக்கா குனிந்து வெளியே வருவார் என்று நம்பினேன்.

வந்தவர் வேறு ஆள். கறுத்து மெலிந்தவர். கையைத் துவாயில் துடைத்தபடி வந்தார். உம்மாவின் முகத்தைப் பார்த்தார். நெற்றியும் மூக்கும் காக்காவுக்கு அப்படியே உம்மாவினுடையதல்லவா? அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க ஸலாஹுதீன்ட அம்மாவோ?" என்றார்.

அவர் பெயர் கனகரெத்தினம். மட்டக்களப்புக் கடையில் காக்காவோடு ஒரே குசினியில் வேலை செய்தவர். குழப்பம் தொடங்கியதும் காக்காவைக் கூட்டிக்கொண்டு வாவிக்கு அப்பால் படுவான்கரையில் தன் மாமனார் வீட்டில் ஒளித்து வைத்திருந்தாராம். தேங்காய்க்கு வழியில்லாத நாட்கள். காக்காதான் பலாக்கொட்டையைச் சுட்டு, வாவி மீனில் ஆணம் வைத்து, அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தாராம்.

"ரோட்டு அடங்கட்டும், பொறு எண்டு சொன்னனான். கேக்கல்ல. உம்மா கேற்றடியில நிப்பா எண்டு அதையே சொல்லிக்கொண்டு இருந்தான். விடியக்காலம் தோணியடிக்குப் போனவன். வெடிச்சத்தம் கேட்டு ஓடிப் போய்ப் பார்த்தன்…" துவாயால் முகத்தைப் பொத்திக்கொண்டார். சுட்டது யார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வாவிக்கரை மருத மரத்தடியில் அவரும் மாமனாருமாக அடக்கினார்களாம். "உங்கட ஆக்கள் எப்பிடி வைக்கிறது எண்டு எனக்குத் தெரியா தங்கச்சி. அவன் தொழேக்க பார்க்கிற பக்கம் முகத்தத் திருப்பி வைச்சம்" என்றார். பிறகு பாதை இல்லை. பாதை திறந்த பிறகு பயம். போன வருடம்தான் மனைவியின் ஊரான பாண்டிருப்புக்கு வந்தாராம். "ஒரு தமிழன் வந்து உங்கட மகன் செத்துப்போனான் எண்டு சொன்னா, ஆர் நம்புவாங்க?" என்று கேட்டார்.

உம்மா தன் சீலைத் தலைப்பைச் சரிசெய்தார். பிறகு, "அவன் போக முந்திச் சாப்பிட்டவனா?" என்று கேட்டார்.

"ஓம் அம்மா. ராத்திரி ஆக்கினத சுடவச்சு நான்தான் குடுத்தனான். சாப்பிட்டுத்தான் போனவன்."

உம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்தார். பிசைந்து ஒரு வாய் வைத்து மென்றார். "உப்புக் கூடிப் போச்சு" என்றார். முழுவதையும் சாப்பிட்டு முடிக்கும்வரை நாங்கள் ஒருவரும் அசையவில்லை.

நீங்கள் கோபப்பட்டால் கோபத்தையாவது எழுதுங்கள்.

சுபைறா


சாய்ந்தமருது
01.09.1996

என் மச்சானுக்கு,

உங்களிடமிருந்து கடிதம் இல்லை. தபால்காரர் மணியடிக்காமலே நமது வீட்டைக் கடந்து போகிறார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசலில் காக்காவுக்கு, உடல் இல்லாமல் தொழும் மறைவான ஜனாஸாத் தொழுகை நடந்தது. கனகரெத்தினம் அண்ணனும் வந்து, தொழுகை முடியும்வரை வெளியே மதிலோரம் வெயிலில் நின்றார். படுவான்கரைக்குப் போய்க் அவரை அடக்கிய கப்றைப் பார்க்க இப்போதைக்கு வழியில்லை. ஒருநாள் கிடைக்கும்.

உம்மா கணவனை இழந்து இத்தா இருப்பவர் போல அறைக்குள்ளேயே இருக்கிறார். ஆனால் இரவில் தூங்குகிறார். நானும் தூங்குகிறேன். குசினியில் சத்தம் ஒன்றும் கேட்பதில்லை. உண்மையைச் சொன்னால், அது கேட்காததும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

ஊர் கொஞ்சம் கதைத்தது. றுகையா மச்சி தெருவில் நின்று பதில் சொன்னார். அதற்குப் பிறகு கதைக்கவில்லை.

நீங்கள் தடுத்ததைச் செய்தவள் நான். என்னை வேண்டாம் என்றால் அதை எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள். எழுதாத ஓர் ஆளுக்காக இந்த வீடு ஆறு வருடம் காத்திருந்தது. இன்னொரு ஆளுக்குக் காத்திருக்க எங்களிடம் பலமில்லை.

சுபைறா


மக்கா
20.09.1996

என் சுபைறாவுக்கு,

உன் இரண்டு கடிதங்களையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். தம்மாமிலிருந்து இங்கே வர ஓர் இரவும் பகலின் பாதியும் ஆயிற்று.

நான் கோபப்படவில்லை. முதலில் கோபம் என்றுதான் நானும் நினைத்தேன். பேனையை எடுப்பேன், ஸலாம் எழுதுவேன், அடுத்த வரிக்குப் போக முடியாது.

இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்து எனக்காக மக்காவுக்கு வந்து உம்றா செய்திருக்கிறேன். வாப்பாவுக்காகச் செய்திருக்கிறேன். கூட வந்தவர்கள், "மச்சினனுக்கும் ஒன்று செய்து விடேன்" என்று பலமுறை சொன்னார்கள். உயிரோடு சுகமாக இருப்பவனுக்கு அதைச் செய்ய முடியாது, சுபைறா. செய்தால் அவன் மவுத்து என்று நான் என் வாயால் சொன்னதாகிவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் வேறு பேச்சை எடுத்தேன். மாமி கேற்றடியில் நின்றார். நான் கடல் தாண்டி வந்து நின்றேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

இஹ்ராம் உடை கட்டும் இடத்தில், யாருக்காகச் செய்கிறோம் என்று நிய்யத் வைக்க வேண்டும். பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் முடித்து ஏறிவிட்டார்கள். சாரதி ஹோன் அடித்தான். எனக்கு நாக்கு எழும்பவில்லை. பிறகு சொன்னேன். ஸலாஹுதீனுக்காக என்று சொன்னேன். சொன்ன பிறகு ஒரு சின்னப் பிள்ளையைப் போல அழுதேன். யாரோ ஒரு பாகிஸ்தான்காரர் என் தோளைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

கனகரெத்தினம் அண்ணனுக்கு, அச்சிமுகம்மது விசாரித்ததாகச் சொல். நான் வரும்போது முதலில் அவரைத்தான் பார்க்க வேண்டும். கடை போடுவதா இல்லையா என்பதை அங்கே வந்து, உன்னோடு இருந்து யோசிப்போம். டிக்கெட்டுக்குச் சொல்லிவிட்டேன். ஒப்பந்தம் முடியும்வரை நான் நிற்கப் போவதில்லை.

உம்றா முடிந்து தலையை மழித்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். முதலில் கண்ட கடைக்குள் ஏறி உட்கார்ந்தேன். சாப்பாடு எப்படி என்று நீ கேட்பாய். எந்த நாட்டுச் சமையல் என்று நான் பார்க்கவில்லை. உப்பு இருந்ததா, மசாலா பழசா, ஒன்றும் தெரியாது. பசித்தது, சுபைறா. தட்டை வழித்துச் சாப்பிட்டேன்.

உன்,
அச்சிமுகம்மது