உன் அப்பாவுக்கு விரித்த மேட்

அன்பு மகள் வாலுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். அங்கே குளிரில் நீ எப்படி இருக்கிறாய் என்பதை அடுத்த முறை மூக்கை உறிஞ்சாமல் சொல்லவும். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்திலேயே நிற்பாள், அதனால்தான் கடிதம். முதலில் ஒன்று, நடந்தது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னதுதான். யோகா வகுப்புக்கு ஒரே ஒரு தடவை கூட்டிப்போனால் போதும், உன் அம்மா தரையில் முதுகு படப் படுப்பாள் என்று அடித்துச் சொன்னேன், நீதான் சித்தப்பா அளக்கிறார் என்று சிரித்தாய். படுத்தாள் வாலு, படுத்தாள்.

உன் அப்பா தூக்கத்திலேயே போனதிலிருந்து அவள் கட்டிலில் சாயவே இல்லை என்பதும், நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கிக் கால் இரண்டும் வீங்கி டாக்டரிடம் திட்டு வாங்கியதும் உனக்குத் தெரியும். ஏன் என்பது தெரியாது. அண்ணன் குறட்டை தெருவுக்கே கேட்கும். அன்றைக்கு அது நின்றதும், அப்பாடா என்று திரும்பிப் படுத்துத் தூங்கிட்டேனே தம்பி என்று என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னாள்.

வகுப்புக்கு ஏற்பாடெல்லாம் நான்தான். தொளதொள பேண்ட் இரண்டு, அளவே எடுக்காமல் கண்ணாலேயே பார்த்து வெட்டித் தைத்தேன், ஊரில் வேறு எந்தத் தையல்காரனையாவது செய்யச் சொல் பார்க்கலாம். வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள், அவள் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டாள், நானும் வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொண்டேன். மேட் வாங்கும் வேலை இல்லை. போவோம் போவோம் என்று உன் அப்பா வாங்கிவைத்த ஜோடி மேட் பீரோ மேலேயே பிரிக்காமல் கிடந்தது. அவள் இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாள். ஒன்று எனக்காக்கும் என்று நினைத்தேன்.

மெத்தைக் கடைக்கு மேலே மாடியில் கூடம், ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, தலைக்கு மேல் டக்டக் என்று ஒரு ஃபேன். அவள் தன் மேட்டை விரித்தாள், பக்கத்திலேயே மற்றதையும் விரித்து ஓரம் சுருளாமல் நீவிவிட்டாள். டீச்சர் உன் வயசுப் பெண், இது யாருக்கும்மா என்று கேட்டாள். அவருக்குத்தான், எப்பவும் லேட்டாத்தான் வருவார் என்று உன் அம்மா சாதாரணமாகச் சொன்னாள். அந்தப் பெண் வகுப்பு முடியும்வரை அந்த மேட்டை மிதிக்காமல் சுற்றிச் சுற்றியே நடந்தாள். எனக்கு மேட்டெல்லாம் எதுக்கு, கட்டாந்தரையே போதும் என்று நான் காலி மேட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டேன். நான் குனிந்த குனிவைப் பார்த்துவிட்டு, இதுக்கு முன்னாடி எங்க சார் கத்துக்கிட்டீங்க என்று டீச்சரே கேட்டாள். நடுவில் டர்ரென்று ஒரு சத்தம் வந்தது, அது பக்கத்து ஆளின் பேண்ட், கடைப் பேண்ட்.

கடைசியில் எல்லோரையும் மல்லாந்து படுத்து உள்ளங்கையை விரித்துக் கண்ணை மூடச் சொன்னாள். பிணம் மாதிரிப் படுப்பதுதான் அது, அந்தப் பெண் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை, நல்ல பெண். எல்லோரும் படுத்தார்கள், உன் அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தாள். முடியலைன்னா உட்காந்தே இருங்கம்மா என்று டீச்சர் குனிந்து சொன்னாள். உன் அம்மா காலி மேட்டையே பார்த்தாள், பிறகு கையை ஊன்றி மெல்லச் சாய்ந்தாள். அப்போதுதான் கேட்டது. முதலில் மூச்சு மாதிரி, பிறகு ஏறி ஏறிப் போய் உச்சியில் தட்டி நின்று, விசிலடித்துக்கொண்டு இறங்குகிற அதே குறட்டை. ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன், காலி மேட்டின் நடுவில் முதுகு அளவுக்கு அமுங்கியிருந்தது. அவளோ தூங்கிவிட்டிருந்தாள். எல்லோரும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓசைப்படாமல் இறங்கிப் போனார்கள்.

எழுந்து படியிறங்கும்போது, தம்பி உங்களுக்கும் கேட்டுச்சா என்றாள். நல்லாவே கேட்டுச்சு அண்ணி என்றேன். அன்றிலிருந்து கட்டிலில்தான் படுக்கிறாள், அவர் பக்கத்தை விட்டுவிட்டு. கால் வீக்கம் வடிந்திருக்கிறது.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே, நூறு வயசு நன்றாக இருப்பாய். அம்மாவிடம் பேசும்போது அப்பா குறட்டை சித்தப்பாவுக்கும் கேட்டுச்சாமே என்று நீயாகவே ஆரம்பி, மறந்துவிடாதே. ஏனென்றால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை வாலு. குறட்டை கேட்டது அவளுக்கு மட்டும்தான், மேட் அமுங்கியதெல்லாம் நான் சேர்த்தது. காது இரண்டையும் தீட்டிக்கொண்டு கிடந்தேன், ஃபேன் சத்தம்தான் வந்தது. எனக்கும் அண்ணன்தானே, என் காதுக்கும் ஒரு தடவை கேட்டிருக்கலாம். நாளைக்கும் போகிறோம். நான் அந்த மேட் பக்கமாகவே படுக்கிறேன்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா