வாஹி தெரிந்த ஒருவர்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். லிஃப்ட் மறுபடி பழுது. சென் ஜேம்ஸ் ரவுணில் இது செய்தியே இல்லை. படியால் இறங்கி, ஸ்ட்ரீட்கார் பிடித்து, ஆஸ்பத்திரி.

நசீமுக்குப் பக்கவாதம் வந்து மூன்றாம் கிழமை. வலக்கை அசையவில்லை. கண்ணில் தெளிவு. கதைக்கிறார், நிறையவே கதைக்கிறார். எல்லாம் வாஹி, அவருடைய தாய்மொழி. ஆங்கிலம் ஒரு சொல் இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்த உருதுவும் போய்விட்டது. எங்கள் குடும்பம் ஓடியது முழுக்க ஆங்கிலத்தில். காதலித்தது, சண்டை பிடித்தது, மகள் ஸாராவுக்குப் பெயர் வைத்தது எல்லாம். எனக்குத் தெரிந்த வாஹி: யுப்க் என்றால் தண்ணீர். நன் என்றால் அம்மா. அவர் ஊருக்கு ஃபோன் எடுக்கும்போது காதில் விழுந்தவை.

பேச்சுப் பயிற்சியாளர் இளம்பெண், நல்ல பிள்ளை. ஃபோனில் உருது மொழிபெயர்ப்பாளரை வைத்துச் சோதித்தாள். கண்ணை மூடச் சொன்னாள். மூடவில்லை. இடக்கையைத் தூக்கச் சொன்னாள். என்னையே பார்த்தார். அவள் கணினியில் ஏதோ தட்டினாள்.

சொல்வது விளங்காத ஆளை, பயிற்சி கொடுத்துத் தேற்றுகிற மறுவாழ்வு ஆஸ்பத்திரி எடுக்காதாம். அப்படியென்றால்? நீண்டகாலப் பராமரிப்பு இல்லம். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் முடிவு. ஐம்பது வயதுதான் அவருக்கு.

வாஹி மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றேன். “ஸ்வாஹிலியா?” என்று கேட்டாள்.

நவம்பர் 5, புதன்

குளிர். ஒரு கையுறையைக் காணோம். பால் முடிந்துவிட்டது.

மொழிபெயர்ப்புச் சேவையோடு அரை நாள். பஷ்தோ இருக்கிறது, தாரி இருக்கிறது, வாஹி இல்லை. எந்த நாட்டு மொழி என்று கேட்டார்கள். பாகிஸ்தானின் வட மூலை, ஆப்கானிஸ்தான், தஜிகிஸ்தான், சீனா என்றேன். நாலு நாட்டில் பேசுகிற மொழி என்றால் எங்களிடம் இருந்திருக்குமே என்றது அந்தக் குரல்.

நசீமின் தம்பி கோஜாலிலிருந்து வீடியோவில் வந்தார். நசீம் முகம் அப்படியே மலர்ந்தது. இரண்டு பேரும் மாறி மாறி. பிறகு தம்பி அழத் தொடங்கினார், என்ன சொன்னார் என்று நான் கேட்குமுன் தொடர்பு அறுந்தது, பிறகு கிடைக்கவில்லை. சோதனைக்குக் குடும்பத்தவர் மொழிபெயர்க்கக் கூடாதாம். விதி.

ஸாரா யூனிவர்சிட்டியிலிருந்து நேரே வந்தாள். சின்னதில் அப்பா சொல்லித்தந்த எண்கள் ஞாபகம் இருந்தது அவளுக்கு. “யீவ், புய், த்ருய்...” என்று தொடங்கினாள். அவர் உடனே, “ட்சபூர், பன்ஸ்” என்று முடித்தார்.

“ஸீ அம்மா? ஹீ கெற்ஸ் இற்! அப்பாக்கு எல்லாம் விளங்குது!”

பயிற்சியாளர் மெதுவாகச் சொன்னாள்: எண்ணுவது பாட்டுப் போல, யோசிக்காமலே வந்துவிடும். அது கணக்கில் வராது. ஸாரா விறாந்தைக்குப் போய் நின்று அழுதாள்.

வோபர்னிலிருந்து அண்ணை ஃபோன் எடுத்தார். “நான் அப்பவே சொன்னனான். எங்கட ஆக்களுக்குள்ள கட்டியிருந்தா இப்ப பாஷை தேடி அலைய வேணுமே? உவன் என்ன சொல்லுறான் எண்டாவது உனக்குத் தெரியுமோ?”

வைத்துவிட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

நசீம் இன்று என்னைப் பார்த்துக் கத்தினார். ஒரே வசனம், திரும்பத் திரும்ப. “யுப்க்?” என்று கோப்பையை நீட்டினேன். தட்டிவிட்டார். சட்டையெல்லாம் தண்ணீர். பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கழிவறைக்குள் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். செத்திருந்தால் அழுது முடித்திருக்கலாம் என்று ஒரு நினைப்பு. இதை எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

பின்னேரம், அவர் வழக்கமாகப் போகும் தொழுகை மண்டபத்துக்குப் போனேன். வாசலில் கண்டவர்களையெல்லாம் கேட்டேன். ஒருவர் ஹுன்ஸாக்காரர், அவருக்குப் புருஷாஸ்கிதான். பக்கத்துப் பள்ளத்தாக்கு, ஒட்டே இல்லாத வேறு மொழி. மற்றவர்கள் குஜராத்தி. திரும்பி நடக்கும்போது ஒரு பெண் பின்னால் ஓடி வந்தாள். மஹ்பூபா என்று ஒருத்தி, ஆப்கானிஸ்தான் பக்கத்து வாஹான்காரி. மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கும் இடத்தில் வேலை. நம்பர் இல்லை. இடம் மட்டும் தெரியும்.

எனக்குக் கார் ஓடத் தெரியாது. வேறு யார்? அண்ணைக்கு எடுத்தேன்.

“வெளியில வந்து நில். வாறன்.”

மிசிசாகாவில் அந்த இடத்து வாசலில் என்னை இறக்கினார். வேலை முடிந்து வரும் பெண்களை ஒவ்வொருவராக மறித்தேன். அண்ணையும் இறங்கி, குளிரில் காதெல்லாம் சிவக்க, அடுத்த வாசலில் நின்று கேட்டார். கடைசியில் அவர்தான் கூப்பிட்டார்: “இஞ்ச வா, இவதானாம்!”

மெலிந்த பெண். என் ஆங்கிலத்தை முழுக்கக் கேட்டாள். “கோஜாலா? மலைக்கு அந்தப் பக்கம். சில சொற்கள் வேறாக இருக்கும். ஆனால் நாங்கள் ஒரே ஆட்கள்.” விடிந்ததும் வருகிறேன் என்றாள். எனக்கு நம்பிக்கை இல்லை. யார் வருவார், முன்பின் தெரியாத ஒருவருக்காக?

நவம்பர் 7, வெள்ளி

வெயில். வந்தாள்.

கட்டிலருகே குனிந்து அவருடைய இடக்கையை எடுத்து முத்தமிட்டாள். அவரும் அவள் கையை இழுத்து முத்தமிட்டார். அது அவர்கள் வணக்கம்.

சோதனை தொடங்கியது. கண்ணை மூடுங்கள்: மூடினார். கையைத் தூக்குங்கள்: தூக்கினார். முதலில் கதவைக் காட்டுங்கள், பிறகு ஜன்னலை: அதே ஒழுங்கில் காட்டினார். பயிற்சியாளர் தட்டுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

பிறகு அவரே கதைக்கத் தொடங்கினார். நீளமாக. மஹ்பூபா என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

“என்ன சொல்கிறார்?”

“உங்களைப் பற்றித்தான்.”

“சொல்லுங்கள்.”

தான் வாஹி கதைப்பது அவருக்குத் தெரியாது. வழக்கம்போல என்னோடு ஆங்கிலத்தில் கதைப்பதாகவே நினைக்கிறார். நான்தான் பதில் சொல்லாமல் ஏதோ விளங்காத சத்தம் போடுகிறேனாம். “இவள் ஏன் என்னோடு கதைக்கிறாளில்லை? நான் என்ன பிழை செய்தேன்? கோபமா என்று கேட்டுச் சொல்.” நேற்றுக் கத்தியதும் இதைத்தான்.

இத்தனை நாளும் நான் அவரைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் என்னைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார், அதே அறையில்.

கூட்ட முடிவு: மறுவாழ்வில் இடம். தற்காலிகமாக. முன்னேற்றம் இல்லாவிட்டால் பராமரிப்பு இல்லம்தான். ஆங்கிலம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். மஹ்பூபாவுக்கு ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. மற்ற நாட்களுக்கு யார்?

வெளியே அண்ணை. “என்னவாம்?”

சொன்னேன். கனநேரம் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தார். “பாவம் அந்த மனிசன்,” என்றார். இவ்வளவு காலமும் ‘உவன்’தான்.

நவம்பர் 10, திங்கள்

முதல் பனி, விழுந்ததும் கரைகிறது. இடம் மாற்றியாயிற்று. நாளை கொண்டுபோக: சப்பாத்து, சேவ் மெஷின், மூக்குக்கண்ணாடி.

நேற்று மஹ்பூபாவிடம் ஒரே ஒரு வசனம் கேட்டுப் படித்தேன்: எனக்குக் கோபம் இல்லை. தொண்டைக்குள் உரசி வரும் ஒரு எழுத்து தமிழில் இல்லை. பஸ்ஸிலும் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு இருக்கைக்குப் போனார்.

சக்கர நாற்காலியில் ஜன்னலருகே இருந்தார். முன்னால் முழந்தாளிட்டுச் சொன்னேன்.

அசையாமல் பார்த்தார். பிறகு முகத்தின் இடப்பக்கம் சிரித்தது. என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கதைக்கத் தொடங்கினார். வேகமாக, மூச்சு விடாமல், இந்தக் கிழமைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து. நடுவில் அழுதார், நடுவில் ஏதோ பகிடி சொன்னது போலச் சிரித்தார். ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் ஒரு கேள்வி. குரல் ஏறி நின்றது, கேள்விதான். நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னிடம் இருந்தது அந்த ஒரு வசனம். அதையே திரும்பச் சொன்னேன்.